துட்டிக்கு வந்தவர்களிடம் சொன்னது

எங்கள் பக்கம் துக்கம் விசாரிக்கப் போவதைத் துட்டி கேட்பது என்போம். துட்டிக்கு வருகிறவர்கள் முதலில் ஒன்றும் பேச மாட்டார்கள். கையைப் பிடிப்பார்கள், போட்டிருக்கிற நாற்காலியில் செத்த நேரம் உட்காருவார்கள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "என்னாச்சு?" என்பார்கள். கேட்காமல் எழுந்து போனால் மரியாதை இல்லை. பதில் சொல்லாமல் இருந்தாலும் மரியாதை இல்லை. எத்தனை நாள் கிடந்தார், எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார் என்று வந்தவர் ஒவ்வொருவரிடமும் முதலில் இருந்து ஒப்பிக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலம் வரை இதே வேலை, மறுநாளும் அதேதான். முதல் நாள் அழுதுகொண்டு சொல்வது மூன்றாம் நாள் மனப்பாடம் ஆகிவிடும். வேண்டாதது எல்லாம் உதிர்ந்து, கடைசியில் இரண்டு மூன்று வரி மிஞ்சும், அதை ஊர் எடுத்துக்கொண்டு போகும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா இறந்தபோது அந்த வரிகளைச் செய்தவன் நான். அத்தான் அதற்கும் முன்பே போய்விட்டார். எனக்கு மேலே ஒரு அக்கா, கீழே ஒரு தங்கச்சி, நடுவில் நான் ஒருத்தன்தான் ஆம்பிளை. ஆகையால் ஷாமியானாவுக்குக் கீழே முன்வரிசை நாற்காலியும் பதில் சொல்கிற வேலையும் எனக்கு வந்தன. நான் சொன்னது இதுதான்:

"நல்லாத்தான் இருந்தா. சதை எடுத்துப் பாக்கணும்னு ஊசியப் போட்டுக் கிளறி விட்டுட்டாங்க. மூணே மாசம். போயிட்டா."

கேட்ட எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தரும் மறுகேள்வி கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தானே சொன்னேன். கட்டியில் கத்தி பட்டால் பரவிவிடும், காற்றுப் பட்டால் பரவிவிடும் என்று எங்கள் ஊரில் சின்னப்பிள்ளை வரை சொல்லும். சபையிலிருந்து வந்த ஒரு பெரியவர் தன் மைத்துனருக்கும் இப்படித்தான் என்று ஆரம்பித்து, அந்தக் கதையை அரைமணி நேரம் சொன்னார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. அவர் பேசிக்கொண்டிருந்த வரைக்கும் நான் பேச வேண்டியதில்லை.

அந்த மூன்று வரியில் பொய் என்று தனியாக எதையும் பிடிக்க முடியாது. ஊசி போட்டது உண்மை, மூன்று மாதம் உண்மை. ஆனால் ஊசி போடுவதற்குப் பதினோரு மாதத்துக்கு முன்பே மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டாள். அதை நான் விட்டுவிட்டேன்.

அவள் சொன்னது ஒரு ஜனவரி மாதம், ராஜபாளையத்தில் என் வீட்டில் வைத்து. கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்திருந்தாள். ஒரே மகள். மாப்பிள்ளை செட்டியார்பட்டிக்காரர், நல்ல இடம். மே மாதம் சபைக் கோயிலில் கல்யாணம் என்று பாஸ்டரிடம் நாள் குறித்தாகிவிட்டது. என் மனைவி காபி போட உள்ளே போன நேரம் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கு இப்படி ஒன்னு இருக்கு, என்ன செய்யட்டும்?" என்று கேட்டாள். அத்தான் இல்லாத வீட்டில் அவள் கேட்பதற்கு நான்தான் இருந்தேன். தாய்மாமன் வேறு. கல்யாணத்தை எடுத்து நடத்துகிறவன்.

எனக்கு அந்தக் கணம் கல்யாணம்தான் முன்னால் வந்தது. அம்மாவுக்கு இந்த வியாதி என்று மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் பெண்ணுக்கும் வருமோ என்று யோசிப்பார்கள், பேச்சு நின்றுபோகும். ஆகவே, கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் யாரிடமும் மூச்சு விடாதே, பொறவு மதுரைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். சரி என்றாள். அவளுக்கு முகமே தெளிந்துவிட்டது. அப்படி ஒருத்தர் சொல்ல மாட்டாரா என்றுதான் வந்திருப்பாள் போல. 

கல்யாணம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. பொறவு மறுவீடு, பொறவு விருந்து, பொறவு மகள் முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி. ஆடியும் போய் ஆவணியும் போனது. நான் இரண்டு முறை போனில் கேட்டேன், அவள் இந்தா போறேன், இந்தா போறேன் என்றாள். நானும் விட்டுவிட்டேன். டிசம்பரில் இருமல் நிற்காமல் போய், மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனபோது அக்குளில் வீங்கியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைத்தான் பார்த்தார். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். அக்கா முந்திக்கொண்டு, ரெண்டு மாசமா இருக்கும் என்றாள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள். ஊசி போட்டு எடுத்த பரிசோதனை அதன் பிறகுதான் நடந்தது. முடிவு வந்தபோது அது நுரையீரல் வரை போயிருந்தது. மார்ச் மாதம் அடக்கம் செய்தோம்.

துட்டி வீட்டில் இதை எப்படிச் சொல்வது? உள்ளே அவள் மகள் நிறைமாத வயிற்றோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உன் கல்யாணத்துக்காகத்தான் உன் அம்மா பொறுத்தாள் தாயி என்று அந்தப் பிள்ளையிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வேன்? பிள்ளைக்காகத்தான் மறைத்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் என் தலையைக் காப்பாற்றிக்கொண்டதுதான் முக்கால்வாசி.

நான் ராஜபாளையத்தை ஒட்டி ஒரு பேண்டேஜ் துணி யூனிட்டில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறவன். எங்கள் பக்கம் இந்தத் தொழில்தான். தறியிலிருந்து வருகிற துணியை வெளுத்து, உலர்த்தி, சுருட்டி, வெட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும் அனுப்புகிறோம். அங்கே என்னோடு பத்துப் பன்னிரண்டு பெண்கள் வேலை பார்க்கிறார்கள். அவர்களும் அக்கா இறந்ததைக் கேட்டார்கள். அவர்களிடமும் அதே மூன்று வரி. அதில் ஒரு அம்மா அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு, தனக்கும் கழுத்தில் ஒரு கட்டி இருப்பதாகவும் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். நல்லவேளை நீங்க சொன்னீங்க என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. பெட்டிக்கு டேப் ஒட்டினேன். நாலைந்து மாதத்தில் அவர் வேலையை விட்டுத் திருப்பூரில் மகனிடம் போய்விட்டார். அதன் பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் தங்கச்சிக்கு வந்தது.

தங்கச்சி ராஜபாளையத்திலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் இருபது நாள் ஊரில் இருக்க மாட்டார். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டது என்று அவள் முதலில் சொன்னது என்னிடம் இல்லை, அக்கா மகளிடம். சித்தியும் மகளும் என்றாலும் இரண்டு பேரும் தோழிகள் மாதிரி. அக்கா மகள்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போயிருக்கிறாள். ஸ்கேன் பார்த்த டாக்டர், சந்தேகமாக இருக்கிறது, மதுரைக்குப் போய் ஊசியில் சதை எடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டை இரண்டு பேரும் பார்த்துவிட்டு மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டார்கள்.

எனக்கு அக்கா மகளிடமிருந்து போன் வந்தது. யூனிட்டில் தறிச் சத்தத்தில் காது கேட்கவில்லை, வெளியே வந்து கேட்டேன். சித்திக்கு இப்படி இருக்கிறது என்று சொல்லி, ஸ்கேன் வரை சொல்லி முடித்துவிட்டு, "மாமா, அவிய ஊசி போடச் சொல்லுதாங்க. நீங்க விட்ராதீங்க. எங்கம்மாவுக்கு ஆனது போதும்," என்றாள்.

 சாயங்காலம் வாரேன் என்று மட்டும் சொன்னேன். போனை வைத்துவிட்டு அங்கேயே வெளுத்த துணி காயப் போட்டிருக்கிற கொடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். கால் வலித்தது. சர்க்கரை எனக்கு, ரொம்ப நேரம் நிற்க முடியாது. ஆனாலும் உள்ளே போகத் தோன்றவில்லை.

தங்கச்சி வீட்டில் அடுக்களையில் ஒரு கருப்பு எண்ணெய் பாட்டில் இருந்தது. கட்டி கரைய என்று யாரோ கொடுத்த நாட்டு மருந்து. அதை எடுத்து முகர்ந்து பார்த்தேன், வேப்பெண்ணெய் வாடை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏட்டி, படிச்சவதானே நீ, தெனமும் நூறு பிள்ளைக்குச் சோறு போடுதே, இதைத் தடவினால் கரையும் என்று எவன் சொன்னான் என்று கத்தினேன். அவள் அசரவில்லை. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, "நீங்கதானண்ணே சொன்னீங்க, ஊசியப் போட்டுக் கிளறி விட்டுட்டாங்கன்னு," என்றாள்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. ஆனால் அதைச் சொல்லாமல் அவளைச் சம்மதிக்க வைக்க வழி இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். டாக்டர் சொன்னால் கேட்பாள் என்று கணக்குப் போட்டேன். ஊசி வேண்டாம், சும்மா வந்து பேசிவிட்டு வருவோம் என்று கெஞ்சி, அடுத்த வாரம் மதுரைக்குக் கூட்டிப் போனேன். அக்கா மகளும் கூட வந்தாள், நான் எங்கே கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்று காவல் காக்க.

மதுரையில் பார்த்த டாக்டரம்மாவுக்கு வயது நாற்பது இருக்கும். ரொம்பப் பொறுமைசாலி. வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள், அந்த அம்மா எங்களுக்கு ஒரு தாளில் படமே வரைந்து காட்டினார். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, அதன் பிறகு கொஞ்சம் தடித்த ஊசி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கட்டிக்குள் சரியாக விடுவோம், நூல் துண்டு மாதிரி நாலைந்து எடுப்போம், அவ்வளவுதான் என்றார். இரண்டு நாள் கன்றிப்போய் நீலமாக இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் ரத்தம் கசியும், அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். ஸ்கேன் சந்தேகத்தைத்தான் சொல்லும், சதையைப் பார்த்தால்தான் இது என்ன என்று தெரியும், நிறையப் பேருக்கு அது ஒன்றுமில்லாத கட்டியாகத்தான் இருக்கும், அப்படி என்றாலும் அதை உறுதியாகச் சொல்வதும் இதே பரிசோதனைதான் என்றார். அந்த வியாதியே என்றாலும் அதில் பல வகை உண்டு, வகைக்கு ஒரு மருந்து, எந்த வகை என்று தெரியாமல் யாரும் வைத்தியத்தை ஆரம்பிக்க முடியாது.

அக்கா மகள் விடவில்லை. எங்க அம்மாவுக்கு ஊசி போட்ட மூன்றாம் மாதம் முடிந்துவிட்டது, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். டாக்டரம்மா கோபப்படவில்லை. ஊசியால் பரவுகிறது என்பதை நம்பி இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை என்று பொறுமையாகச் சொன்னார். பிறகு சொன்னதை நான் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்: "எங்ககிட்ட வர்றப்பவே பரவியிருக்கும்மா. வந்த அன்னிக்குத்தான் ஊசி போடுறோம். நீங்க ஊசி போட்ட நாள்லருந்து எண்ணுறீங்க. அதுக்கு முன்னாடி வீட்ல வச்சிருந்த நாளை யாரும் எண்ணுறதில்ல."

நான் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அக்கா மகள், எங்கம்மா வீட்ல வச்சிருக்கல, ரெண்டு மாசத்துலயே வந்துட்டாங்க என்றாள். டாக்டரம்மா படம் வரைந்த தாளைத் தங்கச்சி பக்கம் தள்ளி வைத்தார்.

திரும்புகிற பஸ் திருமங்கலம் தாண்டியது. பிறகு தங்கச்சி, நல்ல டாக்டர்தான், தங்கமான குணம் என்றாள். நான் ஆசையோடு திரும்பிப் பார்த்தேன். ஆனா அக்காவைக் கூடவே இருந்து பார்த்தது நீங்கதானே அண்ணே, டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும் என்றாள். ஆறு வருஷம் படித்துவிட்டு வந்து படம் வரைந்து காட்டிய மனுஷியைவிட, ஷாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்து நான் சொன்ன மூன்று வரி அவளுக்குப் பெரிதாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகையும் வரவில்லை. அசதியாக இருந்தது.

அதன் பிறகும் மூன்று வாரம் போனது. அதைச் சொல்லத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாஸ்டரை விட்டுச் சொல்லச் சொன்னேன், அவர் ஜெபித்துவிட்டு, கர்த்தர் டாக்டர்கள் கையையும் பயன்படுத்துகிறார் என்றார். தங்கச்சி ஆமென் சொன்னாள், மதுரைக்குப் போகவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் செய்தேன். அவர் நாக்பூர் பக்கம் எங்கேயோ இருந்தார், மச்சான் என்ன சொல்லுதாரோ அதைக் கேளு என்று அவளிடம் சொல்லிவிட்டார். மச்சான் சொன்னதைத்தானே அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்! மூன்றாவது வாரம் அவள் வீட்டுக்குப் போனபோது எண்ணெய் பாட்டில் பாதி காலியாகியிருந்தது. கொஞ்சம் கூடியிருக்கு போல என்றாள். யாரோ விலைவாசி கூடியதைச் சொல்வது போலச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டில் இருந்தோம். இப்போது அது அக்கா மகள் இருக்கிற வீடு. அவள் மாப்பிள்ளை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தார். அக்கா மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தங்கச்சி ஈரத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். முகவுரை எல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை.

"ஊசியால இல்ல," என்றேன். "அதுக்குப் பதினோரு மாசத்துக்கு முன்னாடியே அக்கா எங்கிட்டச் சொல்லிட்டா. நான்தான் பொறுக்கச் சொன்னேன். துட்டி வீட்ல நான் சொன்னது என்னைக் காப்பாத்திக்கிடச் சொன்னது."

தங்கச்சிக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பதினோரு மாதம், டாக்டரிடம் ரெண்டு மாசம் என்றுதானே அக்கா சொன்னாள் என்று கேட்டாள். நான் ஜனவரியில் இருந்து ஆரம்பித்து ஒன்றுவிடாமல் சொன்னேன். பத்திரிகை அடிக்க வந்தது, நான் மூச்சு விடாதே என்றது, போனில் இரண்டே முறை கேட்டது, டாக்டரிடம் அவள் எனக்காகப் பொய் சொன்னது. சொல்லும்போது அக்கா மகளைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன். பார்த்துவிட்டேன். அவள் கையில் வெங்காயம் அப்படியே இருந்தது.

"என் கல்யாணத்துக்கா?" என்றாள்.

  உன் தப்பு இல்லை தாயி, அவளும் நானும் எடுத்த முடிவு என்று என்னமோ சொன்னேன். அவள் காதில் விழுந்ததா தெரியவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய் அடுப்பை அணைத்தாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், ரொம்ப நேரம் கழுவினாள். தங்கச்சி அழ ஆரம்பித்தாள். பாவி, அஞ்சு வருஷமா எங்களை அந்த ஊசியத் திட்ட வச்சியே என்றாள். சின்ன வயதிலிருந்து என்னை நீங்க என்று கூப்பிடுகிறவள் அன்றைக்குத்தான் ஒருமையில் பேசினாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. கொஞ்ச நேரம் கழித்து அக்கா மகள் வந்து, நீங்க கெளம்புங்க என்றாள். சாப்பிடாமல் கிளம்பினேன்.

செவ்வாய்க்கிழமை அவள் போன் செய்தது என் மனைவிக்கு. நாளைக்குச் சித்தியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறேன், மாமா வர வேண்டியதில்லை என்று சொல்லியிருக்கிறாள். நான் போனேன். காலை ஆறரை மணி பஸ்ஸில் அவர்கள் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள், நான் நாலு சீட் பின்னால் ஜன்னல் ஓரம். பார்த்தார்கள். கூப்பிடவும் இல்லை, இறங்கிப் போ என்று சொல்லவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் பெயர் கூப்பிட்டபோது தங்கச்சி எழுந்தவள் நின்றுவிட்டாள்.  அக்கா மகள் அவள் கையைப் பிடித்தாள். தங்கச்சி திரும்பி என்னைப் பார்த்து, "உண்மைதானண்ணே சொன்னீங்க? என்னைய அனுப்பணும்னு சொல்லலயே?" என்று கேட்டாள். ஒரு பொய்க்குப் பிறகு உண்மைக்கு எவ்வளவு மதிப்பு இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா கல்லறை மேல சத்தியம் என்றேன். இப்படியெல்லாம் சத்தியம் பண்ணுவதைச் சபையில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பண்ணினேன்.

உள்ளே போனவள் அரைமணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். ரவிக்கைக்குள் கையை வைத்து அழுத்திக்கொண்டே நடந்து வந்து உட்கார்ந்தாள். டப்பென்று ஒரு சத்தம், பேப்பரில் பின் அடிக்கிற மிஷின் மாதிரி, அந்தச் சத்தத்துக்குத்தான் திடுக்கென்றது, வலி இல்லை என்றாள். மருந்துத் தண்ணீர் ஊற்றின குட்டி டப்பாவில் வெள்ளையாகப் புழு மாதிரி மிதந்ததைக் காட்டினார்களாம். காது குத்தும்போது இதைவிட வலித்தது என்றாள். சொல்லிவிட்டு, இதுக்கா இம்புட்டு நாள் என்று அவளுக்கே ஆத்திரம் வந்தது. அக்கா மகள் இட்லி வாங்கி வந்தாள். நாலு இட்லி சாப்பிட்டாள். எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கியிருந்தாள், என் பக்கத்துப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். கன்றிப்போனது மூன்றாம் நாளே மறைந்துவிட்டது என்று பிறகு மனைவி மூலமாகக் கேள்விப்பட்டேன்.

முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நான் சுருட்டிய பேண்டேஜ் ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை, பெண்கள் பிரித்துத் திரும்பச் சுருட்டினார்கள். முடிவு அந்த வியாதி என்றுதான் வந்தது. தங்கச்சி அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. ஆனால் எந்த வகை, எந்த மருந்துக்குக் கேட்கும் என்று எல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது. அடுத்த பத்து நாளில் ஆபரேஷன். மார்பை முழுதாக எடுக்கவில்லை, கட்டியை மட்டும் சுற்றிலும் கொஞ்சம் சேர்த்து எடுத்தார்கள்.

இப்போது யாராவது கத்தி பட்டால் பரவிவிடும் என்றால் நான் இல்லை என்கிறேன். யூனிட்டில் சொல்லிவிட்டேன், சபையில் இரண்டு மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன். உங்க அக்காவுக்கு அப்படித்தானே ஆச்சு என்கிறார்கள். அப்படி இல்லை என்று முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. துட்டி வீட்டில் மூன்று வரி போதுமாக இருந்தது. இதைச் சொல்ல ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம் ஆகிறது, கேட்கிறவர்கள் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். திருப்பூர் போன அந்த அம்மாவின் போன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். யாரிடமும் இல்லை.

ஆபரேஷன் செய்து எடுத்ததையும் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் தாள் வந்த அன்றைக்கு மதுரையில் தங்கச்சி உள்ளே கட்டு மாற்றிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா வராந்தாவுக்கே வந்து எங்களிடம் சொன்னார். ரெண்டு சென்டிமீட்டர்கூட இல்லை, ஒரு சின்ன நெல்லிக்காய் அளவுதான், அக்குளுக்குப் போகவில்லை, நல்ல நேரத்தில் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று அக்கா மகளின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று வாய்விட்டே சொன்னேன்.

அக்கா மகள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவள் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அம்மா மொதமொதல்ல உங்ககிட்டச் சொன்னப்ப," என்று கேட்டாள், "அது எம்புட்டுப் பெருசு இருந்துச்சு?"

ஞாபகம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஞாபகம் இருந்தது. அக்கா விரல் நுனியைக் காட்டித்தான் சொன்னாள்.

"சுண்டைக்காய் அளவுன்னு சொன்னா தாயி," என்றேன்.

அவள் தாளை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சித்திக்கு இருந்ததவிடச் சின்னது," என்றாள்.

ஆமா என்றேன்.